உணவுப் பட்டியலை மாணவர்களே போடட்டும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சாரணர் முகாம், மலையேற்றம், காட்டுப் பயணம் என்று ஏதாவது ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருப்பீர்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு ஒரு தாள் கைக்கு வரும். இத்தனை பொட்டலம் மேகி மீ, இத்தனை டின் சார்டின், ஒரு பெட்டி பிஸ்கட், மைலோ, கொஞ்சம் அரிசி. சென்ற ஆண்டு போன குழுவுக்கும் அதே தாள்தான் கொடுத்திருப்பார்கள். அதை யார் போட்டார்கள், எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்பதோடு நிற்காமல், அந்தப் பட்டியலை மாணவர்களே போட வேண்டும். ஆசிரியர் அதைச் சரிபார்த்தால் போதும். பல நாள் நடைப்பயணத்துக்கு உணவு திட்டமிடுவதில் நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் ஒன்றாக வந்து சேர்கின்றன. விடை சரியா தவறா என்பதையும் ஆசிரியரின் சிவப்பு மை சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மாலை உங்கள் வயிறே சொல்லிவிடும்.

4,265 கிலோமீட்டர், ஐந்து மாதம்

இந்தக் கணக்கை உலகில் மிகப் பெரிய அளவில் போடுகிறவர்கள் அமெரிக்காவின் 'பசிபிக் கிரெஸ்ட் டிரெயில்' பாதையை முழுவதும் நடப்பவர்கள். மெக்சிகோ எல்லையில் தொடங்கி கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களைக் கடந்து கனடா எல்லையில் முடியும் அப்பாதையின் நீளம் சுமார் 4,265 கிலோமீட்டர். நடந்து முடிக்க ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். பாலைவனம், பனி மூடிய மலை, அடர்ந்த காடு எல்லாம் வழியில் உண்டு. கடைதான் இல்லை. மூன்று நாளுக்கு ஒரு முறையோ ஏழு நாளுக்கு ஒரு முறையோ பாதையை விட்டு இறங்கி, ஏதாவது ஒரு சிற்றூருக்குப் போய்ப் பையை நிரப்பிக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும்.

அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று ஸ்டெஹேக்கின். வாஷிங்டன் மாநிலத்தில் ஷெலான் ஏரியின் தலைப்பகுதியில் இருக்கும் இந்தக் கிராமத்தை வெளியூரோடு இணைக்கும் சாலையே கிடையாது. படகிலோ நீர்விமானத்திலோ நடந்தோதான் போக முடியும். ஆனால் அங்கே ஓர் அஞ்சலகம் இருக்கிறது. கனடா எல்லைக்குப் போகும் கடைசிக் கட்டத்துக்கான உணவைப் பலர் முன்கூட்டியே அந்த அஞ்சலகத்துக்கு அனுப்பி வைத்துவிட்டு, நடந்து வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏன் எல்லாவற்றையும் சுமக்க முடியாது?

ஒரு சின்னக் கணக்கு. பையோடு நாள் முழுவதும் மலையில் நடக்கும் மாணவருக்கு ஒரு நாளைக்கு 3,500 கிலோகலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். நெடும்பாதையில் பல வாரம் நடப்பவர்களுக்கு இது 4,000-ஐயும் தாண்டும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி தரும். கொழுப்பு 9 தரும். தண்ணீர் ஒன்றும் தராது. உலர்ந்த உணவுகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் சராசரியாகக் கிராமுக்கு 4.4 கிலோகலோரி கிடைக்கும்படி செய்யலாம். அப்படியானால் ஒரு நாள் உணவு ஏறத்தாழ 800 கிராம். ஒரு வாரத்துக்கு 5.6 கிலோ. ஒரு மாதத்துக்கு 24 கிலோ. கூடாரம், போர்வை, தண்ணீர் எல்லாம் இதற்கு மேல்.

இந்தச் சுமையால் உடலுக்கு எவ்வளவு கூடுதல் ஆற்றல் செலவாகிறது? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். ஒரு கிலோவை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற 9,800 ஜூல், அதாவது 2.3 கிலோகலோரி போதும். நம் தசைகள் தாம் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கை மட்டுமே வேலையாக மாற்றுகின்றன என்று எடுத்துக்கொண்டாலும் 10 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும். அதாவது, ஒரு கிலோ உணவை ஒரு பெரிய மலைமேல் ஏற்றும் செலவு, அதே உணவில் இரண்டு மூன்று கிராம்தான்!

அப்படியென்றால் கூடுதலாகச் சுமப்பதில் என்ன சிக்கல்? ஆற்றலைப் பொறுத்தவரை பெரிய சிக்கல் இல்லை. முழங்கால், கணுக்கால், தோள்பட்டை இவைதான் தாங்க மாட்டா. பை கனத்தால் நடை தளரும். நடை தளர்ந்தால் ஆறு நாள் பயணம் எட்டு நாளாகும். எட்டு நாளானால் இன்னும் இரண்டு நாள் உணவு வேண்டும். பை மேலும் கனக்கும். இந்தச் சுழலில் மாட்டாமல் இருக்கத்தான் நடப்பவர்கள் உணவை வழிநெடுக வெவ்வேறு இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒட்டகப் புதிரும் அஞ்சலகமும்

கணிதப் பிரியர்களுக்கு இது பழைய புதிர். கி.பி. 800 வாக்கில் அல்குயின் என்ற அறிஞர் தொகுத்ததாகக் கருதப்படும் கணக்கு நூலில், தானியத்தைச் சுமந்து செல்லும் ஒட்டகம் வழியில் அந்தத் தானியத்தையே தின்னும் புதிர் ஒன்று வருகிறது. 1947-ல் என். ஜே. ஃபைன் என்ற கணிதவியலாளர் இதையே 'ஜீப் கணக்கு' என்ற பெயரில் ஆராய்ந்து தீர்வு தந்தார். நாம் ஒட்டகத்துக்குப் பதில் ஒரு மாணவரை வைத்துப் பார்ப்போம்.

ஒருவரால் அதிகபட்சம் 6 நாள் உணவைத்தான் சுமக்க முடியும். வழியில் கடையே இல்லை. ஒரே மூச்சில் போனால் 6 நாள் தூரம் போகலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால், முதலில் 2 நாள் தூரம் போய் 2 நாள் உணவை அங்கே வைத்துவிட்டு, மீதி 2 நாள் உணவைச் சாப்பிட்டபடி திரும்ப வேண்டும். மறுபடி 6 நாள் உணவோடு கிளம்பினால், அந்த இடத்தை அடையும்போது கையில் 4 நாள் உணவு இருக்கும். வைத்துவிட்டுப் போன 2 நாள் உணவையும் எடுத்துக்கொண்டால் மீண்டும் 6. ஆக மொத்தம் 8 நாள் தூரம் போகலாம்.

கவனியுங்கள். உணவு 6-லிருந்து 12 நாளுக்கு இரட்டிப்பாகிவிட்டது. தூரமோ 6-லிருந்து 8-ஆகத்தான் கூடியது. மூன்றாவது சுமையையும் சேர்த்து 18 நாள் உணவைச் செலவிட்டால் எவ்வளவு தூரம்? 9.2 நாள் தூரம்தான். தொடர் எப்படிப் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? 6-ஐ, ஒன்றும் மூன்றில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சேர்ந்த தொகையால் பெருக்க வேண்டும். அடுத்தது ஏழில் ஒன்று. ஒவ்வொரு சுமைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

அஞ்சலகம் இந்தக் கணக்கை அடியோடு மாற்றிவிடுகிறது. அஞ்சல் பொட்டலம் வழியில் எதையும் தின்பதில்லை! பத்து வெள்ளி அஞ்சல் செலவோ ஐம்பது வெள்ளியோ, உள்ளே இருக்கும் 5 கிலோவும் 5 கிலோவாகவே போய்ச் சேரும்.

கிடங்கு எங்கே இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை

அஞ்சலகம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அண்டார்டிகா ஒரு பாடம். தென்துருவத்துக்கு முதலில் சேர 1911-ல் இரண்டு குழுக்கள் போட்டியிட்டன. இரண்டுமே முன்கூட்டிப் பனிவெளியில் உணவுக் கிடங்குகளை அமைத்தன. நார்வேயின் அமுண்ட்சென் தம் கிடங்குகளைப் புயலிலும் தவறவிடக் கூடாது என்று, பாதைக்குக் குறுக்கே இரு பக்கமும் வரிசையாகக் கொடிகளை நட்டார். கொஞ்சம் வழி விலகி வந்தாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். அவர் குழு 1911 டிசம்பர் 14-ல் துருவத்தை அடைந்து பத்திரமாகத் திரும்பியது.

பிரிட்டனின் ஸ்காட் குழு 'ஒரு டன் கிடங்கு' என்று பெயரிட்ட பெரிய கிடங்கைத் தெற்கே 80 பாகையில் அமைக்க எண்ணியது. சுமை இழுத்த குதிரைகள் தளர்ந்ததால் அதற்கு 50 கிலோமீட்டருக்கு மேல் முன்னதாகவே அமைத்துவிட்டார்கள். 1912 ஜனவரியில் துருவத்தை அடைந்து திரும்பும் வழியில், மார்ச் மாத இறுதியில் ஸ்காட்டும் எஞ்சிய இரு தோழர்களும் கூடாரத்திலேயே இறந்தார்கள். அந்த இடத்திலிருந்து ஒரு டன் கிடங்கு சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

கிடங்கின் இடம் மட்டுமே அவர்கள் மரணத்துக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. கடுங்குளிர், எரிபொருள் குறைவு, பனிக்கடி எல்லாம் சேர்ந்தே அவர்களைச் சாய்த்தன. ஒரு நாளைக்குச் சுமார் 4,500 கிலோகலோரி தரும் உணவை உண்டு, அதைவிட அதிகமாக எரிக்கும் வேலையைப் பல வாரம் செய்தார்கள் என்பதும் உண்மை. நாளுக்கு நாள் கொஞ்சமாகச் சேர்ந்த பற்றாக்குறை, அவசரத்தில் கைகொடுக்க வேண்டிய கையிருப்பை உடலிலிருந்தே எடுத்துவிட்டது.

பெட்டிக்குள் அடங்குமா?

இப்போது மறுபடி கலிபோர்னியாவுக்கு வருவோம். அங்கே சியரா நெவாடா மலையில் 'ஜான் மியூர் டிரெயில்' என்ற பாதை இருக்கிறது. நீளம் சுமார் 340 கிலோமீட்டர். ஏறத்தாழ நடுவில் 'மியூர் டிரெயில் ரேஞ்ச்' என்ற தங்குமிடம் வருகிறது. நடப்பவர்கள் பல வாரம் முன்பே உணவைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி அஞ்சலில் அனுப்புகிறார்கள். வாளி ஏன்? அட்டைப்பெட்டியை எலி கடித்துவிடும்.

வாளியை எடுத்த பிறகு பாதையின் தெற்கு முனை வரை இன்னும் 170 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நாளுக்கு 18 கிலோமீட்டர் என்றால் சுமார் பத்து நாள். 8 கிலோ உணவு. பலர் இங்கேதான் எதிர்பாராத சிக்கலைச் சந்திக்கிறார்கள். அந்த மலையில் கரடிகள் உண்டு. பல பகுதிகளில் உணவைக் கரடியால் திறக்க முடியாத கெட்டியான கலனில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பெரிய கலனின் கொள்ளளவே 11.5 லிட்டர்தான். பற்பசை, சோப்பு போன்ற மணமுள்ள பொருள்களும் அதற்குள்தான் போக வேண்டும். எடையைத் தூக்க முடிந்தாலும் கன அளவு இடம் தராது!

ஆகவே ஒவ்வோர் உணவுக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒரு கிராமுக்கு எத்தனை கிலோகலோரி? ஒரு லிட்டர் இடத்துக்கு எத்தனை? உருளைக்கிழங்குச் சிப்ஸ் முதல் கேள்வியில் தேறும். பொட்டலம் முழுக்கக் காற்று என்பதால் இரண்டாவதில் தோற்கும். கடலை வெண்ணெய் இரண்டிலும் தேறும். மேகி மீயை உடைத்து நொறுக்கினால் பாதி இடத்தில் அடங்கிவிடும். முதல் நாள் பகலில் சாப்பிடும் உணவுக்குக் கலனில் இடம் தேவையில்லை. இரவுக்குள் அது வயிற்றுக்குள் போயிருக்கும்.

நம் வீட்டு அலமாரியிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். 100 கிராமுக்கு, வெந்த சோறு ஏறத்தாழ 130 கிலோகலோரி. அதே அரிசி வேகாதபோது 360. வித்தியாசம் முழுவதும் தண்ணீர். காட்டில் ஓடை இருக்கும்போது தண்ணீரை வீட்டிலிருந்து சுமப்பானேன்? வாழைப்பழம் 90, டின்னில் வரும் சார்டின் 200-ஐ எட்டாது. மேகி மீ 450, கடலை மிட்டாய் 500-ஐ ஒட்டி, வறுத்த வேர்க்கடலை 580, நெய் 880. காலி டின்னையும் நீங்கள்தான் திரும்பச் சுமக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அதற்காக அரிசிதான் சிறந்தது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. ஜான் மியூர் பாதையில் 4,000 மீட்டர் உயரக் கணவாய் உண்டு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 87 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். சோறு வேக நெடுநேரம் ஆகும், எரிவாயு தீரும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே சுமார் 7 கிராம் எரிவாயு வேண்டும். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தாலே தயாராகும் உணவு அங்கே வெல்கிறது. உணவின் எடையோடு அதைச் சமைக்கும் எரிபொருளின் எடையையும் கூட்டித்தான் விடை காண வேண்டும்.

அளவுக்கு மிஞ்சிய திட்டமும் ஆகாது

இவ்வளவு சொன்னதும், ஐந்து மாத உணவையும் வீட்டிலேயே எடை போட்டுக் கட்டி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். முன்பு பலர் அப்படித்தான் செய்தார்கள். இன்று அனுபவசாலிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம், திட்டம் போட்டவரும் நடப்பவரும் ஒரே ஆள் அல்லர்! சில வாரம் நடந்த உடம்புக்குப் பசி பன்மடங்கு கூடிவிடும், நாக்கும் மாறிவிடும். வீட்டில் இருந்தபோது ஆசையாக வாங்கிய ஓட்ஸ் அறுபதாவது காலையில் குமட்டும். பாதையோரச் சிற்றூர்களில் வேண்டாத உணவைப் போட்டுவிட்டுப் போவதற்கென்றே பொதுப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஓட்ஸுக்குப் பஞ்சமே இருப்பதில்லை.

எனவே இப்போது பலர் பின்பற்றுவது நடுவழி. நல்ல கடை இருக்கும் ஊரில் கடையில் வாங்குவது. கடை இல்லாத அல்லது மிகச் சிறிய கடை உள்ள இடத்துக்கு மட்டும் பொட்டலம் அனுப்புவது. எதை இப்போதே முடிவு செய்ய வேண்டும், எதைப் பிறகு முடிவு செய்யலாம் என்று பிரித்து அறிவதுதான் இங்கே உண்மையான திறமை.

நம் காட்டில் நம் கணக்கு

நம் தீபகற்பத்தின் மிக உயரமான மலை குனோங் தஹான். உயரம் 2,187 மீட்டர். குவாலா தஹானிலிருந்து பழைய பாதையில் ஏறி இறங்க ஒரு வாரம் வரை ஆகும். வழியில் அஞ்சலகமும் இல்லை, கடையும் இல்லை. முழு உணவும் முதுகில்தான். அந்தப் பாதை சுங்கை தஹான் ஆற்றைப் பலமுறை கடக்கிறது. மேலே பலத்த மழை பெய்தால் ஆறு பெருகும்; தண்ணீர் வடியும் வரை கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர் அன்று பட்டினி கிடப்பார். நாளை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு நாள் உணவைத் தனியாகக் கட்டி வைத்தவர் கூடாரத்தில் நிம்மதியாக மைலோ குடிப்பார்.

நம் ஈரமான காட்டுக்கு வேறு விதிகளும் உண்டு. பிஸ்கட் ஒரே இரவில் நமத்துவிடும். எறும்பு எந்த முடிச்சையும் அவிழ்க்கும். நெய் உறையாது, ஒழுகும். சியராவுக்காக எழுதப்பட்ட பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அதனால்தான் பட்டியலைவிட அதை உருவாக்கும் முறையைக் கற்பது முக்கியம் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நம் பள்ளிக் குழுவில் சைவம் சாப்பிடுகிறவர் இருப்பார், ஹலால் உணவு மட்டும் உண்பவர் இருப்பார், மாட்டிறைச்சி தவிர்ப்பவர் இருப்பார். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவரும் இருக்கக்கூடும். மேலே நான் புகழ்ந்த வேர்க்கடலை அவருக்கு உயிராபத்து. மருத்துவமனை இரண்டு நாள் நடைத் தூரத்தில் இருக்கும். யாரோ தயாரித்த பட்டியலில் இவர்கள் விட்டுப்போவது எளிது. கூட உட்கார்ந்து பட்டியல் போடும் நண்பர்கள் அப்படி விடமாட்டார்கள்.

"தவறு செய்துவிட்டால்?"

மாணவர்கள் கணக்கில் தவறினால் பசியில் வாடுவார்களே, பொறுப்பு ஆசிரியர் தலையில் அல்லவா விழும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்கிறேன். முதலில் இரண்டு நாள் முகாமுக்கான பட்டியலை மாணவர்களிடம் கொடுங்கள். அதில் ஒரு வேளை உணவு குறைந்தாலும் ஆபத்தில்லை. பாடம் மட்டும் மனத்தில் நிற்கும். நீண்ட பயணத்துக்கு, அவசரக் கையிருப்பின் அளவை ஆசிரியரே நிர்ணயிக்கட்டும். எந்தப் பட்டியலும் அவர் கையொப்பம் இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம்.

கைப்பேசிச் செயலி எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தருமே என்பார்கள் சிலர். தரும். ஆனால் உங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர் யார், யாருக்கு என்ன ஒவ்வாது, காலையில் யாருக்குப் பசிக்காது என்பதை நீங்கள் சொல்லாமல் செயலிக்குத் தெரியாது.

எடை குறைக்கும் ஆசையில் மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வளரும் வயதில், ஆறேழு மணி நேரம் நடக்கும் நாளில் சாப்பாட்டைக் குறைப்பது சாதனை ஆகாது. கால் இடறும், முடிவெடுக்கும் திறன் மங்கும், உங்களைத் தூக்கிச் சுமக்கும் வேலை நண்பர்களுக்கு வந்து சேரும்.

அடுத்த முகாமுக்கு முன்

மாணவர்களே, அடுத்த முறை உணவுப் பட்டியல் கைக்கு வந்ததும் ஆசிரியரிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: உணவின் பெயர், எடை, பொட்டலத்தில் அச்சிட்டுள்ள கிலோகலோரி, கிராமுக்கு எத்தனை, யார் சாப்பிடக் கூடாது. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் உறையோடு நிறுத்துப் பாருங்கள். பழைய பட்டியலின் மொத்தத்தை முதலில் கூட்டுங்கள். பிறகு உங்கள் பட்டியலின் மொத்தத்தைக் கூட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பழைய பட்டியலே சிறந்தது என்று தெரிந்தால், அதையே எடுத்துப் போங்கள். அதிலும் நஷ்டம் ஒன்றுமில்லை. ஏன் அதைச் சுமக்கிறோம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.